கொழுந்தன் என்கிற ஏழு பெட்டிகள்

பியூலா டீச்சருக்கு அறுபத்தைந்து வயது நிறைந்த காலையில் முதல் வாழ்த்து அரசாங்கத்திடமிருந்து வந்தது. கூடத்துச் சுவரில் இருந்த திரை தானாக விழித்துக்கொண்டு ஒரு ரோஜாப்பூவைக் காட்டியது. பூவுக்குக் கீழே பொடி எழுத்தில் விஷயம் இருந்தது. தனிமைத் தடுப்புச் சட்டத்தின்படி, அறுபத்தைந்து நிறைந்த எவரும் ஒரு வீட்டில் தனியாக வசிக்கக் கூடாது. அறுபது நாட்களுக்குள் துணை இல்லத்தில் சேர்ந்துவிட வேண்டும். கொண்டுவர வேண்டிய பொருட்களின் பட்டியலில் பல் தேய்க்கும் பிரஷ் முதலில் இருந்தது.

"எனக்கு இன்னும் பல்லு இருக்குன்னு இவனுகளுக்கு யாரு சொன்னா?" என்று டீச்சர் ரோஜாப்பூவிடம் கேட்டார்.

டீச்சர் என்றுதான் பாளையங்கோட்டையே அவரைக் கூப்பிட்டது. ஆனால் அவர் ஒரு நாள்கூட வகுப்பெடுத்ததில்லை. ஒரு பாலிடெக்னிக்கின் கம்ப்யூட்டர் லேபில் முப்பத்திரண்டு வருடம் உதவியாளராக இருந்தவர். மாணவர்கள் உடைத்ததை ஒட்டவைப்பதும், வாத்தியார்கள் அழித்ததை மீட்டுக் கொடுப்பதும்தான் உத்தியோகம். ஓய்வு பெற்ற அன்று ஒரு மாலையும் சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். அவராகக் கேட்டு வாங்கிக்கொண்டது, மூலையில் கழித்துப் போட்டிருந்த ஏழு பழைய கம்ப்யூட்டர்களை. "இந்தக் குப்பையெல்லாம் எதுக்குட்டி?" என்று கணவர் ஜெயசிங் தலையில் அடித்துக்கொண்டார். "எதுக்காவது ஆவும்" என்றார் டீச்சர். ஜெயசிங் இறந்து ஐந்து வருடமாகிறது. பெட்டிகள் சின்ன அறையில் தூசி படிந்து கிடந்தன.

சட்டத்தையும் சும்மா குறை சொல்லிவிட முடியாது. மூன்று வருடத்துக்கு முன்னால் அடித்த அனலில், தனியாக இருந்த வயதானவர்கள் பலர் இறந்தது பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாமல் போயிற்று. அதன்பிறகுதான் வீட்டுக்கு வீடு கூரையில் ஒரு வெள்ளை வில்லையைப் பொருத்தினார்கள். அதற்கு நீளமாக ஒரு அரசாங்கப் பெயர் உண்டு. ஜனங்கள் சுருக்கமாகக் 'காது' என்றார்கள். உள்ளே எத்தனை உடம்பின் சூடு, எத்தனை மூச்சு, எத்தனை காலடி என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும். இந்தச் சட்டம் வரவேண்டும் என்று அன்றைக்கு டீச்சரும் கையெழுத்துப் போட்டார். அப்போது அவருக்கு வயது அறுபத்திரண்டு. அறுபத்தைந்து என்பது யாரோ வயதானவர்களின் சமாசாரமாகத் தெரிந்தது.

துணை இல்லம் எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்கப் போனார். பழைய சிநேகிதி லில்லி அங்கே ஒரு வருடமாக இருக்கிறாள். நல்ல கட்டில், நல்ல காற்று, உப்புக் குறைவாக நல்ல சாப்பாடு. ஒரு நாளைக்கு நான்கு தரம் யாராவது வந்து, மனசு எப்படி இருக்கிறது என்று சிரித்த முகமாகக் கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

"எல்லாம் சௌரியம்தான் பியூலா" என்றாள் லில்லி. பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "ஆனா இங்க கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பா கெடையாது பாத்துக்கோ."

டீச்சர் வீட்டுக்கு வந்ததும் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார். எடுத்தார். மறுபடி போட்டார். மூன்று மணிக்குச் சாளை மீன் பொரிக்கலாம், ஞாயிற்றுக்கிழமைப் பாட்டைச் சுருதி பிசகிப் பாடலாம், ஒரு நாள் முழுக்க யாருக்கும் பதில் சொல்லாமல் இருக்கலாம். எல்லாமே இந்த ஆறு அங்குல இரும்புக் கம்பியில் இருக்கிறது. இதை விட்டுப் போக முடியாது என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அழுது முடித்து மூக்கைச் சிந்தியபோது கண்ணில் பட்டன அந்த ஏழு பெட்டிகள்.

இப்போது கடையில் கிடைக்கிற எந்தக் கம்ப்யூட்டரும் பொய் சொல்லாது. உள்ளே ஒரு சாட்சிச் சில்லு இருக்கிறது. பெட்டி என்ன செய்கிறது என்பதை அது அரசாங்கத்துக்கு ஒன்று விடாமல் ஒப்பித்துவிடும். லேபில் கழித்துப் போட்ட பெட்டிகளோ அந்தச் சில்லு பிறப்பதற்கு இருபது வருடம் முந்தியவை. மெதுவானவை, இரைச்சலானவை, ஆனால் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்தவை. டீச்சர் கணக்குப் போட்டார். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் சுமார் நூறு வாட் சூட்டை வெளியே விடுகிறான். பழைய டெஸ்க்டாப் ஒன்று அதில் ஏறக்குறையப் பாதி விடும்.

பதினெட்டு நாளில் ஆள் தயார். இரண்டு டெஸ்க்டாப் உடம்புச் சூடு. மூன்றாவதன் விசிறி நிமிடத்துக்குப் பதினாறு தரம் வேகம் கூடிக் குறைந்து மூச்சு விட்டது. நான்கிலும் ஐந்திலும் சிடி போடுகிற தட்டுகள் வெளியே வந்து உள்ளே போகும்; அவற்றில் ஜெயசிங்கின் பழைய செருப்புகளைக் கட்டியதும், சரக் சரக்கென்று நடை வந்துவிட்டது. ஆறாவதோடு ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை இணைத்தார். அதுதான் குறட்டை. ஏழாவது, குரல்.

குரலுக்கு அவர் தேடிப் போகவே வேண்டாம். ஜெயசிங்கின் பெரியம்மா மகன் சாமுவேல், அதே பாலிடெக்னிக்கில் ஒர்க்‌ஷாப் வாத்தியார். கொரோனா காலத்தில் அவர் ஆன்லைனில் எடுத்த வகுப்புகள் நானூறு மணி நேரம் ஒரு பழைய ஹார்டு டிஸ்கில் கிடந்தன. பாதி நேரம் பாடம், மீதி நேரம் "மதினி, நெட்டு போயிருச்சு, என்னன்னு பாருங்க" என்று லேபுக்குப் போட்ட கூப்பாடு. பிற்பாடு அந்தமானுக்குப் போய் அங்கேயே இறந்துபோனார். இறந்த தகவல் கடல் தாண்டி இந்தப் பக்கத்துப் பதிவேட்டுக்கு வந்து சேரவில்லை. டீச்சர் விண்ணப்பத்தில் எழுதினார்: உடன் வசிப்பவர், சாமுவேல், கணவரின் தம்பி முறை.

மறுநாள் காலையில் கூரைக் காதின் ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. வீட்டில் இருப்போர்: இரண்டு.

தெருவில் பேச்சு கிளம்பாமல் இருக்குமா? கொழுந்தன் அறையை விட்டு வெளியே வருவதில்லையாமே, கோயிலுக்கும் வருவதில்லையாமே என்று கேட்டார்கள். "அவருக்கு வெயிலு ஆவாது" என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

நாற்பது நாள் நிம்மதி. நாற்பத்தோராம் நாள் அழைப்பு மணி அடித்தது. கையில் ஒரு பலகைத் திரையோடு, முப்பத்தெட்டு நாற்பது வயதில், வேர்த்து விறுவிறுத்து ஒருவன் நின்றான். துணைத் துறை கள ஆய்வாளர், பெயர் இசக்கிராஜா.

"ஒண்ணுமில்ல டீச்சர், சின்ன சந்தேகம். ஒங்க வீட்டுக் கணக்குல ஒரு விஷயம் இடிக்கி."

"என்ன இடிக்கி?" என்று கேட்டார் டீச்சர்.

"காது நம்ம பேச்சக் கேக்காது. அதுக்குச் சட்டத்துல எடமில்ல. ஆனா ஒரு பத்து பன்னெண்டு வார்த்தைய மட்டும் எண்ணும். நம்ம ஜில்லாவுல ரெண்டு பேரு இருக்க வீட்டுல, ஒரு நாளைக்குச் சராசரியா பதினோரு தரம் 'சாப்டாச்சா'ன்னு கேக்காவ. அடிச்சுக்கிடுத வீட்டுலகூட மூணு தரம் உண்டு. ஒங்க வீட்டுல நாப்பது நாளா ஒருத்தர ஒருத்தர் ஒரு தரம்கூடக் கேக்கல டீச்சர்."

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சூட்டை யோசித்தார், மூச்சை யோசித்தார், குறட்டையைக்கூட யோசித்தார். இது தோன்றவே இல்லை. கம்ப்யூட்டரைப் பார்த்து யார் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள்? மூளை வேலை செய்வதற்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது.

"நாங்க பேசிக்கிடுததில்ல தம்பி."

"அப்படியா?"

"வந்த மறுநாளே சண்ட. மீன் கொழம்புல புளி கூடிப்போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டாரு. அன்னையிலருந்து அவரு மொகத்தயே நான் பாக்கல."

இசக்கிராஜாவின் முகம் தெளிந்தது. இந்த ஊரில் பிறந்தவனுக்கு இதைவிட நம்பும்படியான காரணம் வேறு சொல்ல வேண்டியதில்லை. அவனே எழுந்து போய்ச் சின்ன அறைக் கதவைத் தட்டினான். "அண்ணாச்சி! சாப்டாச்சான்னு மதினி கேக்காவ!"

உள்ளேயிருந்து சாமுவேலின் குரல் வந்தது. "சரி மதினி."

"இன்னும் கோவம் போல" என்றான் இசக்கிராஜா. "முப்பது நாள் அவகாசம் போடுதேன். எப்படியாவது பேச்ச ஆரம்பிச்சிருங்க. இல்லன்னா மேலருந்து ரெண்டு பேரு வந்து கதவத் தொறந்து பாப்பாவ."

அன்று மதியமே டீச்சர் சின்ன அறை வாசலில் போய் நின்றார். வெட்கமாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "சாப்டாச்சா?" என்றார். நானூறு மணி நேரப் பதிவையும் ஏழாவது பெட்டிக்குள் இறக்கி, கேட்டதற்குத் தகுந்தாற்போல் பதில் எடுக்கும்படி மாற்றியிருந்தார். அதற்கு நேரம் பிடிக்கவில்லை; ஒவ்வொரு வகுப்பையும் சாமுவேல், "பிள்ளைகளா, எல்லாரும் சாப்டாச்சா?" என்றுதான் தொடங்கியிருந்தார்.

"ஆச்சு. நீங்க சாப்டியளா மதினி?" என்றது பெட்டி.

டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டார். ஐந்து வருடமாக அந்த வீட்டுக்குள் அவரை யாரும் அந்தக் கேள்வி கேட்டதில்லை. கேட்டது ஒரு பழைய பெட்டி. அதன் வயிற்றில் என்ன வயர் எங்கே போகிறது என்று அவருக்கு அத்துப்படி. உண்மையில் அவர் அன்று சாப்பிட்டிருக்கவில்லை. இரண்டு ரொட்டித் துண்டை டீயில் நனைத்துப் போட்டுக்கொண்டதோடு சரி. "ஆச்சு" என்று பொய் சொல்லிவிட்டு, பொய் சொன்ன குற்றவுணர்வில் போய்ச் சோறு வைத்தார்.

அதிலிருந்து பொழுது சுறுசுறுப்பாகப் போயிற்று. காலையில் கேள்வி, மதியம் கேள்வி, சாயங்காலம் டீ குடித்தாயிற்றா என்று ஒரு கேள்வி, இடையிடையே சும்மாவே ஒரு 'சாப்டாச்சா'. டீச்சர் இரண்டு கிலோ ஏறினார். ஒரு நாள் விசிறி வேகத்துக்காகப் பெட்டியோடு நிஜமாகவே சண்டை போட்டார்.

முப்பதாம் நாள் காலை பதினோரு மணிக்கு இசக்கிராஜா வந்தான். கூடத்தில் உட்கார்ந்து, கொடுத்த காபியை ஆற்றிக்கொண்டே திரையைப் பார்த்தான். "நேத்து மட்டும் பதினாலு தரம்! சராசரியத் தாண்டிட்டிய டீச்சர்."

"சமாதானம் ஆயிட்டோம்லா" என்று டீச்சர் சிரித்தார்.

உள்ளேயிருந்து சாமுவேலும் தன் பங்குக்குக் குரல் கொடுத்தார். "மதினி, இன்னைக்கு மீன் கொழம்பா? வாசன நல்லா…"

அதோடு நின்றது. மூச்சு நின்றது, செருப்புச் சத்தம் நின்றது, தலைக்கு மேல் மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வருடம் 2052 ஆனாலும் பாளையங்கோட்டையில் கரண்ட் சொல்லாமல் போவது நின்றபாடில்லை; இந்த எழுபது நாளில் போகாமலிருந்ததுதான் அதிசயம். வீட்டு பேட்டரியோ சாட்சிச் சில்லு இல்லாத பொருளுக்கு ஒரு சொட்டு மின்சாரம் தராது.

இசக்கிராஜாவின் பலகைத் திரை சிவப்பாகிக் கூவியது. அவன் அதைப் படித்தான். பிறகு மெதுவாக டீச்சரைப் பார்த்தான்.

"ஒங்க கொழுந்தன் எறந்துட்டதாக் காட்டுது டீச்சர். பத்து நிமிஷத்துல ஆம்புலன்ஸ் வரும்."

இசக்கிராஜா எழுந்து போய்ச் சின்ன அறைக் கதவைத் தள்ளினான். சுவரோரமாக ஏழு பெட்டிகள். இரண்டு செருப்புகள் பாதி தூரம் நீட்டியபடி அந்தரத்தில் நின்றன. அவன் குனிந்து ஒரு செருப்பை விரலால் தட்டிப் பார்த்தான். டீச்சருக்கு வாசல் தாழ்ப்பாள் ஞாபகம்தான் வந்தது. பிரஷ்ஷை எடுத்து வைக்க வேண்டும் என்றும் தோன்றியது.

"கொறட்ட எப்படி விடுதிய?" என்று கேட்டான் அவன்.

"பிரிண்டரு."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டுத் திரையில் 'கருவிக் கோளாறு' என்ற கட்டத்தைத் தொட்டான். சிவப்பு அணைந்தது; ஆம்புலன்ஸும் ரத்தாயிற்று. ஆனால் கையெழுத்து வைக்கும் கட்டத்தைத் தொடாமல், கதவு நிலையிலேயே சாய்ந்து நின்றான்.

"எங்கம்மா கோயில்பட்டியில தனியா இருக்கா டீச்சர். வார பங்குனியோட அறுவத்தஞ்சு. துணை இல்லத்துக்குப் போவமாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கா. எனக்குக் குவாட்டர்ஸ் ஒத்த ரூமு, நாள் பூரா பதினோரு தெரு சுத்துத வேல. அவளுக்கும் இப்படி ஒரு ஆளச் செஞ்சு குடுப்பியளா?"

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். "பழைய பெட்டி கொண்டாங்க தம்பி" என்றார்.

அவன் அடுத்த வாரமே பரணிலிருந்து இரண்டு டெஸ்க்டாப்பும் ஒரு லேப்டாப்பும் கொண்டுவந்து இறக்கினான். கையெழுத்தும் போட்டுவிட்டான். வீட்டில் இருப்போர்: இரண்டு. பேச்சுவார்த்தை: உண்டு. கோயில்பட்டி விண்ணப்பத்தில் அவன் பெயரையே எழுதுவது என்று முடிவாயிற்று. மகன் தாயோடு வசிக்கிறான் என்றால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

சூடு, மூச்சு, நடை எல்லாம் அமைந்துவிட்டது. குரல்தான் சிக்கல். அவன் போனில் இரண்டு வருடமாக அம்மாவோடு பேசியதெல்லாம் பதிவாகியிருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு அழைப்பு. டீச்சர் அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடினார். ஒவ்வொன்றிலும் அம்மா, "சாப்டியாய்யா?" என்கிறாள். அவன், "ம். பொறவு பேசுதேன்" என்கிறான். அவன் அவளைக் கேட்ட பதிவு ஒன்றுகூட இல்லை.

இசக்கிராஜா தரையைப் பார்த்தான். "இப்பப் பேசுதேன், பதிஞ்சுக்கிடுங்க" என்று மைக்கை வாங்கி, "சாப்டியாம்மா?" என்றான்.

"ரேஷன் கார்டு இருக்கான்னு கேக்க மாதிரில்லா இருக்கு" என்றார் டீச்சர்.

எட்டுத் தரம் முயன்றான். எட்டும் ஆய்வாளர் குரலாகவே வந்தது.

"இந்த ஒரே பதிவத் திரும்பத் திரும்ப ஓட்டுனா காது ஒரே வாரத்துல புடிச்சிரும். ஒங்க பெட்டி மாட்டுனா விசாரண எங்க வந்து நிக்கும்? எங்க வீட்டு வாசல்ல. விடுங்க, நான் ஏதாவது பண்ணுதேன்" என்றார் டீச்சர்.

இரண்டு நாள் கழித்துப் பெட்டிகளை அவன் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போனான். இது மெஷின், பயப்படாதே, சும்மா பேச்சுக் கொடு என்று அம்மாவிடம் சொல்லி வைத்துவிட்டுத் திரும்பினான்.

அடுத்த நாளே போன் வந்தது. "டீச்சர், அந்தப் பெட்டி என் போனுக்கு அடிக்கி! மூணு வேளையும் அடிக்கி. எடுத்தா அம்மா பேசுதா. குரல் வைக்க மறந்துட்டியளா?"

"மறக்கல தம்பி. கேக்க நேரம் வந்தா அது ஒங்களக் கூப்புடும். நீங்க பேசுதது பெட்டிக்குள்ளருந்து வார மாதிரி அங்க கேக்கும். நெசக் குரல எந்தக் காதும் சந்தேகப்படாதுல்லா."

"நான் டூட்டியில இருப்பேனே!"

"ஒரு நிமிஷம்தான ஆவும். எனக்கு என் வீடு வேணும், ஒங்களுக்கு ஒங்கம்மா அவ வீட்டுல இருக்கணும். பாத்துக்கிடுங்க" என்று டீச்சர் வைத்துவிட்டார். கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டோமோ என்று இருந்தது. ஆனாலும் மனதுக்குள் ஒரு குறும்புச் சந்தோஷமும் இல்லாமல் இல்லை.

இரண்டு வாரம் சத்தமில்லை. பிறகு ஒரு மதியம் அவனே கூப்பிட்டான். தெருவில் நின்று பேசுகிறான் போல. பஸ் இரைச்சல் கேட்டது.

"பெட்டி ஓடுதா தம்பி?"

"ஓடுது டீச்சர். ஒரு வேள தப்பல." என்றான் அவன். "நேத்து கேட்டேன், சாப்டியாம்மான்னு. ஒடனே பதில் சொல்லல. பொறவு சொல்லுதா, 'நீ அப்படியே எம் மவன் குரல்லதான் பேசுத. ஆனா அவன் இப்படிக் கேக்கமாட்டான் கேட்டியா. அவன் நல்லவன்தான். நேரமில்ல, பாவம். நீயாவது கேக்கியே'ன்னா."

டீச்சர் போனைக் காதோடு இன்னும் நெருக்கிக்கொண்டார். "நீங்க என்ன சொன்னிய?"

"என்னத்தச் சொல்ல? மெஷினு மாதிரியே, 'என்ன கொழம்பு'ன்னு கேட்டேன். அரை மணி நேரம் சொன்னா. முழுக்கக் கேட்டேன்."

"நாந்தாம்மா பேசுதேன்னு சொல்லிர வேண்டியதான தம்பி?"

பஸ் ஒன்று இரைந்துகொண்டு போயிற்று.

"எப்படி டீச்சர் சொல்ல? நாளைக்கே ஒரு வேள நான் எடுக்கலன்னா, இப்பன்னா மெஷினு ரிப்பேருன்னு நெனச்சுக்கிட்டுச் சும்மா இருந்துருவா. சொல்லிட்டா, பொறவு அது மவன் மறந்ததாயிரும்லா" என்றான். பிறகு அவசரமாக, "வைக்கட்டா? மணி ஒண்ணாவுது, பெட்டி கூப்புடும்" என்றான்.